ஆங்கில வினைச்சொற்களின் நிகழ்கால, இறந்தகால வடிவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் வருகிறார்கள், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் சிக்கிக்கொண்ட பெற்றோரும் வருகிறார்கள். யார் வந்தாலும் சந்தேகம் பெரும்பாலும் வினைச்சொல்லில்தான். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலிப்பு தெரியும்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலுக்கு ஒரு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வி1, வி2, வி3 என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஒரே வினையின் மூன்று வடிவங்கள். வி1 என்பது வினையின் வேர் வடிவம்: கோ, ஈட், சீ. வி2 இறந்தகாலம்: வென்ட், ஏட், சா. வி3 தனியாக நிற்காது, ‘ஹேவ்’, ‘ஹேட்’, ‘வாஸ்’ போன்ற துணைவினையின் தோளில் நிற்கும்: கான், ஈட்டன், சீன். ‘ஐ சீன்’ என்று சொன்னால் தவறாகப் படுவது இதனால்தான். ‘ஐ சா’ என்றோ ‘ஐ ஹேவ் சீன்’ என்றோதான் சொல்ல முடியும்.

‘பி’ என்ற வினை மட்டும் இந்த மூன்றுக்குள் அடங்காது. நிகழ்காலத்திலேயே ஆம், இஸ், ஆர் என்று மூன்று, இறந்தகாலத்தில் வாஸ், வேர் என்று இரண்டு, வி3 ‘பீன்’. இதை மட்டும் தனியாகப் படித்துவிடுங்கள்.

‘ஹி’, ‘ஷி’ வந்தால் மட்டும் ஏன் வினையில் ‘எஸ்’ சேர்க்க வேண்டும்?

தமிழில் நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், அவள் போகிறாள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படித் தனித்தனி விகுதிகள் இருந்தன. நூற்றாண்டுகள் போகப் போக அவை தேய்ந்து உதிர்ந்துவிட்டன. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கான ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அதுதான் இந்த ‘எஸ்’.

ஐ, யு, வி, தே ஆகிய நான்கோடும் ‘கோ’. ஹி, ஷி, இட், ஒரு ஆளின் பெயர், ஒரு பொருளின் பெயர் இவற்றோடு ‘கோஸ்’. இறந்தகாலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ‘ஐ வென்ட்’, ‘ஷி வென்ட்’, எல்லாருக்கும் ஒன்றே. வாஸ், வேர் மட்டும் விதிவிலக்கு.

இறந்தகாலத்துக்கு ‘இ.டி.’ சேர்த்தால் போதாதா? சில வினைகள் மட்டும் ஏன் தாறுமாறாக மாறுகின்றன?

நம் மொழியை முதலில் பார்ப்போம். இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்று பள்ளியில் படித்தோம்: செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். எந்த வினைக்கு எது வரும் என்று யாரும் நமக்கு விதி சொல்லித் தரவில்லை. விடு, எடு, ஓடு மூன்றும் ‘டு’வில்தான் முடிகின்றன. ஆனால் விட்டான், எடுத்தான், ஓடினான். புதிதாகத் தமிழ் படிக்கும் ஒருவர் ‘எட்டான்’ என்று சொன்னால் அவர் மேல் தவறே இல்லை. ஆங்கிலம் நமக்குக் கொடுக்கும் தொல்லையும் அதே வகைதான்.

ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. அந்தக் குடும்பத்தில் இறந்தகாலம் காட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வினையின் நடுவில் இருக்கும் உயிரொலியை மாற்றுவது: சிங்–சாங், ரைட்–ரோட். மற்றது, கடைசியில் விகுதி சேர்ப்பது. இந்த இரண்டாவது வழிதான் ‘இ.டி.’ ஆனது. எளிதாக இருந்ததால் அது பரவியது, பழைய வினைகளையும் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்தது. ‘ஹெல்ப்’ என்ற வினையின் வி3 ஒரு காலத்தில் ‘ஹோல்பன்’. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் அந்த வடிவம் இருக்கிறது. இன்று ‘ஹெல்ப்ட்’ மட்டும்தான்.

2007-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாமல் இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு பார்த்தது. அவற்றில் இன்றும் ஒழுங்கில்லாமலே இருப்பவை 98. மற்றவை ‘இ.டி.’க்கு மாறிவிட்டன. எவை மாறாமல் நின்றன? அன்றாடம் அதிகமாகப் புழங்குகிறவை. கோ, சே, சீ, டேக், கெட் போன்றவற்றைக் குழந்தைகள் நாள் முழுக்கக் கேட்டுக்கேட்டே வளர்கிறார்கள், அதனால் பழைய வடிவம் மறப்பதில்லை. எப்போதாவது வரும் வினைகள்தான் மறந்துபோய் ‘இ.டி.’ பூசிக்கொள்கின்றன. அதனால் நீங்கள் படிக்க வேண்டிய பட்டியல் சின்னது, அதில் உள்ளவை தினமும் பயன்படுபவை.

‘கோ’வுக்கும் ‘வென்ட்’டுக்கும் ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லையே?

இரண்டும் வெவ்வேறு வினைகள். ‘வென்ட்’ என்பது ‘வெண்ட்’ என்ற இன்னொரு பழைய வினையின் இறந்தகாலம். ‘செண்ட்’டுக்கு ‘சென்ட்’ வருவது போல அதற்கு ‘வென்ட்’ வந்தது. ‘கோ’வின் சொந்த இறந்தகாலம் வழக்கொழிந்துபோனது, காலியான இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?

மனப்பாடம் வேண்டும்தான், ஆனால் அகர வரிசையில் வேண்டாம். கடைகளில் விற்கும் பட்டியல்கள் ‘ஏ’யில் தொடங்கி, நீங்கள் வாழ்நாளில் சொல்லவே போகாத வினைகளோடு ஆரம்பிக்கும். பத்து நாளில் அலுத்துவிடும். ஒலியை வைத்துக் கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொன்னால் பாட்டு மாதிரி ஓடும்.

சிங்–சாங்–சங் என்று தொடங்கினால் ரிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின் எல்லாம் அதே தாளத்தில் வரும். நோ–நியூ–நோன் என்றால் க்ரோ, ப்ளோ, த்ரோ கூடவே வரும். கீப்–கெப்ட், ஸ்லீப்–ஸ்லெப்ட், ஃபீல்–ஃபெல்ட், மீட்–மெட் ஆகியவற்றில் நெடில் குறிலாகிறது, வி2-வும் வி3-யும் ஒன்றே. ஸ்பீக்–ஸ்போக்–ஸ்போக்கன் கூட்டத்தில் ப்ரேக், ஸ்டீல், சூஸ். ப்ரிங்–ப்ராட், பை–பாட், திங்க்–தாட், டீச்–டாட், கேட்ச்–காட் என்பவை இன்னொரு கூட்டம். கம்–கேம்–கம், ரன்–ரான்–ரன் இரண்டும் போன இடத்திலிருந்து திரும்பி வருபவை.

ஒரு எச்சரிக்கை: கூட்டத்தைப் பார்த்து நீங்களாக வடிவம் உண்டாக்காதீர்கள். சிங்–சாங் என்பதால் ப்ரிங்–ப்ராங் ஆகாது. ‘ஃப்ளோ’ தண்ணீர் ஓடுவது, அதற்கு ‘ஃப்ளோட்’. ‘ஃப்ளூ’ என்பது ‘ஃப்ளை’யின் இறந்தகாலம்.

‘வாக்ட்’ என்பதா, ‘வாக்கெட்’ என்பதா?

‘வாக்ட்’. எழுத்தில் ‘இ.டி.’ இருக்கிறதே என்று எல்லா இடத்திலும் ‘எட்’ ஒலிக்கக் கூடாது. தொண்டையில் விரலை வைத்து வினையின் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் ‘டீ’ குடிக்கிறோமே, அந்த முதல் ஒலி சேரும்: வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட், லாஃப்ட். அதிர்வு இருந்தால் ‘டாக்டர்’ என்பதன் முதல் ஒலி: ப்ளேய்ட், கால்ட், ஓப்பன்ட். வினையே இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால்தான் தனி அசை வரும்: வான்டட், நீடட், ஸ்டார்ட்டட்.

‘ஆஸ்க்ட்’ என்பது நம் நாக்குக்குக் கொஞ்சம் கஷ்டம். அதனால்தான் ‘ஆஸ்கெட்’ என்று வந்துவிடுகிறது. வேகமாகப் பேசும்போது ஆங்கிலேயர்களே பலர் நடுவில் உள்ள ‘க்’கை விழுங்கி ‘ஆஸ்ட்’ என்பது போலத்தான் சொல்கிறார்கள். நீங்களும் அப்படிச் சொல்லலாம்.

‘புட்’, ‘கட்’ எல்லாம் மாறவே மாறாதாமே? அப்படியென்றால் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

புட், கட், ஹிட், ஹர்ட், ஷட், காஸ்ட், ஸ்ப்ரெட் ஆகியவற்றின் முடிவைப் பாருங்கள். மேலே சொன்ன அந்த இரண்டு ஒலிகளில் ஒன்றில்தான் எல்லாம் முடிகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் இறந்தகால விகுதி அந்தக் கடைசி ஒலியோடு கரைந்துபோய்விட்டது.

காலத்தைக் கண்டுபிடிக்க நுட்பமான வழி ஒன்று உண்டு. ‘ஷி புட்ஸ் தி கீ ஹியர்’ என்றால் வழக்கமாகச் சாவியை இங்கேதான் வைப்பாள். ‘ஷி புட் தி கீ ஹியர்’ என்றால் வைத்துவிட்டாள். இரண்டு வாக்கியங்களுக்கும் வேறுபாடு ஒரே ஒரு ‘எஸ்’. அது இல்லாததே இறந்தகாலத்தைக் காட்டுகிறது. இரண்டாம் கேள்வியில் பார்த்த ‘எஸ்’ஸை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ‘ஐ’, ‘தே’ வந்தால் ‘எஸ்டர்டே’, ‘எவ்ரி டே’ போன்ற சொற்கள்தான் கைகொடுக்கும்.

‘ரீட்’ கொஞ்சம் வேறு மாதிரி. எழுத்து மாறாது, ஒலி மாறும்: நிகழ்காலத்தில் ரீட், இறந்தகாலத்தில் ரெட்.

நடந்து முடிந்த விஷயம்தானே? ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று ஏன் சொல்லக் கூடாது?

வகுப்பில் நான் அதிகம் திருத்துவது இந்தத் தவறைத்தான். ஆனால் இதற்கான விடை உங்களிடமே இருக்கிறது. ‘நான் போகவில்லை’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: போக + இல்லை. ‘போக’வில் காலம் இருக்கிறதா? இல்லை. ‘நேற்று நான் போனேன் இல்லை’ என்று யாராவது சொல்வார்களா? எதிர்மறையில் வினையின் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நாமே பேசுகிறோம். ஆங்கிலமும் அதையே செய்கிறது. கழற்றிய காலத்தை ‘டூ’வின் மேல் ஏற்றி ‘டிட்’ ஆக்குகிறது, அவ்வளவுதான். ‘ஐ டிட் நாட்’ என்றதுமே இறந்தகாலம் சொல்லி முடிந்தது. அப்புறம் வருவது வெறும் ‘கோ’.

கேள்விக்கும் இதேதான்: ‘டிட் யு ஈட்?’, ‘வேர் டிட் ஷி கோ?’. இரண்டாம் கேள்வியின் ‘எஸ்’ஸும் இப்படித்தான் இடம் மாறும். ‘ஷி கோஸ்’ என்பது ‘டஸ் ஷி கோ?’ ஆகும்போது ‘எஸ்’ ‘டஸ்’ஸுக்குப் போய்விட்டது, ‘கோ’ காலியாகிவிட்டது. ‘டஸ் ஷி கோஸ்’ என்பது ஒரே சுமையை இரண்டு பேர் தலையிலும் ஏற்றுவது. காலம் ஒரு இடத்தில்தான் ஏறும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே போய்விடும்.

‘தினமும் காலையில் நடப்பேன்’ என்பதற்கு ‘டெய்லி ஐ வில் வாக்’ என்று சொல்லலாமா?

வேண்டாம். தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம். ‘காலையில் காபி குடிப்பேன்’, ‘எங்கள் ஊரில் நல்ல மழை பெய்யும்’. இங்கே எதிர்காலம் பற்றிய பேச்சே இல்லை. அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து ‘ஐ வில் ட்ரிங்க்’ ஆகிறது. ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு நிகழ்காலம்தான்: ‘ஐ ட்ரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்’, ‘இட் ரெய்ன்ஸ் அ லாட்’.

இதைவிட ஆபத்தானது ‘யூஸ்ட் டு’. நேர்காணலில் ‘ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கிறார்கள். பதில்: ‘ஐ யூஸ்ட் டு ரீட் நியூஸ்பேப்பர்ஸ்’. சொல்ல நினைத்தது ‘படிப்பது வழக்கம்’. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது ‘முன்பு படித்துக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன்’. நல்ல பழக்கத்தைச் சொல்லப் போய் அது போய்விட்டதாகச் சொல்லிவிட்டு வெளியே வருகிறார்கள். ‘யூஸ்ட் டு’ நின்றுபோன வழக்கத்துக்கு மட்டும். இப்போதும் தொடர்கிற வழக்கத்துக்கு ‘ஐ ரீட்’ என்பதே போதும், நிறைவான பதில் அதுதான்.

‘ஐ கோ’, ‘ஐ ஆம் கோயிங்’ இரண்டுக்கும் தமிழில் ‘போகிறேன்’தானே?

ஆமாம், குழப்பமே அங்கேதான். ‘போகிறேன்’ என்ற ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கிறது. ‘இப்போது எங்கே போகிறாய்?’ என்பதற்கான பதில் ‘ஐ ஆம் கோயிங் டு தி ஷாப்’. ‘எந்தக் கல்லூரிக்குப் போகிறாய்?’ என்பதற்கான பதில் ‘ஐ கோ டு...’. இந்தக் கணத்தில் நடக்கிறதா, பொதுவாக நடக்கிறதா என்று ஒரு நொடி யோசித்தால் பிரிந்துவிடும்.

நோ, லைக், வான்ட், பிலீவ், பிலாங் போன்ற மனநிலை, உடைமை வினைகளுக்குப் பொதுவாக ‘இங்’ வேண்டாம். ‘ஐ ஆம் நோயிங்’ என்பது தவறு, ‘ஐ நோ’ போதும்.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ சரியா?

தவறு. ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2019’ என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் வி2 மட்டும்தான்: ‘ஐ சா ஹிம் எஸ்டர்டே’. நேரம் முக்கியமில்லை, நடந்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்றால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’.

இதற்கும் தமிழில் நல்ல இணை இருக்கிறது. ‘நான் ஊட்டிக்குப் போகவில்லை’ என்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட பயணத்தில் போகவில்லை, அதாவது ‘ஐ டிட் நாட் கோ’. ‘நான் ஊட்டிக்குப் போனதில்லை’ என்றால் இதுவரை ஒருமுறைகூட இல்லை, அதாவது ‘ஐ ஹேவ் நெவர் பீன் டு ஊட்டி’. இங்கே ‘கான்’ அல்ல, ‘பீன்’. ‘ஷி ஹேஸ் கான்’ என்றால் போனவள் இன்னும் திரும்பவில்லை. ‘ஷி ஹேஸ் பீன்’ என்றால் போய் வந்திருக்கிறாள்.

அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே’ என்று எழுதுவதும் அதிகம். ‘ஹேட்’ போட்டால் மரியாதை கூடும் என்ற எண்ணமோ என்னவோ. இறந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்து, அதில் எது முதலில் நடந்தது என்று காட்ட வேண்டுமானால்தான் ‘ஹேட்’: ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டாப், தி பஸ் ஹேட் லெஃப்ட்’. ஒரே நிகழ்ச்சிக்கு ‘ஐ சென்ட்’ போதும்.

‘லை’, ‘லே’ குழப்பம் தீரவே தீராதா?

தீரும். தமிழில் ‘கிட’, ‘கிடத்து’ என்று இரண்டு வினைகள் இருக்கின்றன அல்லவா? தானாகக் கிடப்பது ‘லை’, இன்னொன்றைக் கிடத்துவது ‘லே’. எழு–எழுப்பு போன்றதுதான் ரைஸ்–ரெய்ஸ். தன்வினை, பிறவினை என்று படித்த அதே பாகுபாடு. தமிழ் படித்தவர்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்க வேண்டும்.

சிக்கல் வடிவங்களில் இருக்கிறது. கிட: லை–லே–லெய்ன். கிடத்து: லே–லெய்ட்–லெய்ட். முதல் வினையின் வி2-வும் இரண்டாம் வினையின் வி1-உம் ஒரே ‘லே’. போதாததற்குப் பொய் சொல்வதும் ‘லை’தான், அது லை–லைட்–லைட். ஒரே தோற்றம், வேறு இறந்தகாலம். தமிழிலும் படுக்கையில் ‘படு’ என்றால் படுத்தான், துன்பத்தில் ‘படு’ என்றால் பட்டான் என்று வருகிறதே, அப்படி. ‘நேற்று மதியம் படுத்திருந்தேன்’ என்பதற்கு ‘ஐ லே டவுன்’. ‘ஐ லைட்’ என்றால் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

‘ஃபவுண்ட்’, ‘ஃபவுண்டட்’ இரண்டும் இருக்கிறதே?

‘ஃபைண்ட்’ என்றால் கண்டுபிடி, அதன் இறந்தகாலம் ‘ஃபவுண்ட்’. ‘ஃபவுண்ட்’ என்றே தனியாக ஒரு வினை உண்டு, நிறுவு என்று பொருள், அதன் இறந்தகாலம் ‘ஃபவுண்டட்’. மெட்ராஸ் பல்கலைக்கழகம் ‘வாஸ் ஃபவுண்டட் இன் 1857’. இங்கே ‘வாஸ் ஃபவுண்ட்’ என்று எழுதினால் பல்கலைக்கழகம் காணாமல்போய்க் கிடைத்தது என்றாகிவிடும்.

‘ஹேங்’கும் இப்படித்தான். சட்டையை மாட்டினால் ‘ஹங்’, ஆளைத் தூக்கிலிட்டால் ‘ஹேங்ட்’.

‘லெர்ன்ட்’ என்பதை ஒருவர் (‘டீ’யின் முதல் ஒலிக்கான) ‘டீ’ எழுத்தை மட்டும் போட்டு எழுதுகிறார், இன்னொருவர் ‘இ.டி.’ போடுகிறார். எது சரி?

இரண்டும் சரி. லெர்ன், பர்ன், ட்ரீம், ஸ்பெல் போன்றவற்றுக்கு அமெரிக்காவில் ‘இ.டி.’தான் வழக்கம். பிரிட்டனில் இரண்டும் புழங்குகின்றன. ‘ட்ராவல்’ வினைக்கு ‘இ.டி.’ சேர்க்கும்போது பிரிட்டனில் ‘எல்’ இரட்டிக்கும், அமெரிக்காவில் இரட்டிக்காது. ‘கெட்’டுக்கு வி3 பிரிட்டனில் ‘காட்’, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘காட்டன்’. நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் முறையில் இருப்பதால் தேர்வில் அதையே எழுதுங்கள். ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

‘மஸ்ட்’டுக்கு இறந்தகாலம் என்ன?

கிடையாது. ‘ஐ மஸ்ட் கோ’ என்பது நேற்று நடந்ததாகும்போது ‘ஐ ஹேட் டு கோ’. கேன், குட், வில், வுட், மஸ்ட் எதுவானாலும் அடுத்து வருவது வெறும் வி1. காரணம் ‘டிட்’ கேள்வியில் சொன்னதேதான்.

‘இஃப் ஐ ஹேட் மனி’ என்பது இப்போது நடக்கும் விஷயம். அங்கே எதற்கு இறந்தகாலம்?

நடக்காததை, கற்பனையைச் சொல்லும்போது ஆங்கிலம் ஒரு படி பின்னால் போகும். ‘கையில் காசு இருந்தால் வாங்குவேன்’ என்பது ‘இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பை இட்’. காசு இப்போது இல்லை என்பதை அந்த ‘ஹேட்’ சொல்லிவிடுகிறது. இங்கே அது காலத்தைக் காட்டவில்லை, உண்மையிலிருந்து விலகி நிற்பதைக் காட்டுகிறது. ‘இஃப் ஐ வேர் யு’ என்பதில் ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வருவது பழைய வடிவத்தின் மிச்சம். எழுத்தில் ‘வேர்’ என்றே எழுதுங்கள்.

இதுவும் நமக்குப் புதிதல்ல. ‘இருந்தால்’, ‘வந்தால்’, ‘பெய்தால்’ என்ற சொற்களுக்குள் இருப்பவை இருந்த், வந்த், பெய்த் என்ற இறந்தகால வடிவங்கள்தாமே? ‘நாளை மழை பெய்தால்’ என்கிறோம், ‘பெய்கிறால்’ என்பதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். நாளைக்கு உண்மையிலேயே மழை வர வாய்ப்பு இருந்தால் ஆங்கிலத்தில் நிகழ்காலம்: ‘இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ’. தமிழ் இரண்டுக்கும் ஒரே வடிவத்தை வைத்திருக்கிறது, ஆங்கிலம் பிரிக்கிறது.

இதே விலகலைப் பணிவுக்கும் பயன்படுத்துவார்கள். தொலைபேசியில் ‘ஐ வான்டட் டு ஆஸ்க் யு சம்திங்’ என்று ஒருவர் தொடங்கினால், அவர் நேற்று கேட்க விரும்பியதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். இப்போதுதான் கேட்கப் போகிறார், நேரடியாகக் கேட்காமல் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கிறார். ‘கேன் யு’ என்பதைவிட ‘குட் யு’ மரியாதையாக ஒலிப்பதற்கும் காரணம் இதுவே.